சாரத்தில் தொங்கிய பொம்மை

மதியம் சாப்பிட்டதும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லை. நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டில் கொத்தனார் வைத்திருப்பார் என்று அந்தப் பக்கம் போனேன். அண்ணாந்து பார்த்தவள் பாக்கை மெல்ல மறந்துவிட்டேன். சாரத்தின் உச்சிக் கம்பில் என் பேத்தியின் பொம்மை கயிற்றில் தொங்கியது. கழுத்தில் மிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்த மாலை.

அது என் மகன் போன விடுப்புக்குத் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. கன்னங்கரிய முகம், மஞ்சள் கவுன், சுருட்டை முடியைச் சின்னச் சின்னதாகப் பின்னி மணி கோத்திருக்கும். "ஆப்பிரிக்காக்காரப் பிள்ளைகளுக்குன்னு ஒரு கடையில வரிசையா வச்சிருந்தாகம்மா. பாத்ததும் நம்ம பாப்பா நெனப்பு வந்துச்சு" என்றான். பேத்திக்கு என் நிறம். மருமகள் நல்ல சிவப்பு. அதில் ஒரு துளிகூடப் பிள்ளைக்கு வராததற்கு நான்தான் காரணம் என்பது போல என்னைப் பார்ப்பாள்.

பேத்தி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, இது ஒனக்குப் பொறந்ததா?" என்றாள்.

"இந்த வயசுலயா? ஒங்க தாத்தா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து அது அவளுக்குத் தங்கச்சி. அதற்கு முன்னால் அவளிடம் இருந்த பொம்மைகளெல்லாம் ரோஸ் கலரும் மஞ்சள் முடியுமாக, எங்கள் ஊர் வெயிலில் ஒரு நாள் நின்றால் தோல் உரிந்துவிடும் போல இருக்கும். டிவியிலும் அப்படித்தான். கருப்பாக ஒருத்தி வந்தால் வீடு கூட்டுவாள், இல்லையென்றால் பேயாக வருவாள். நான் பார்த்த ஒரு சீரியலில் கதாநாயகி ஏழை என்று காட்ட முகத்தில் கரியைப் பூசியிருந்தார்கள். பணம் வந்ததும் கழுவிவிட்டார்கள்.

"யாருய்யா இதக் கட்டுனது?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"நாந்தான் ஆத்தா. காலையில சென்ட்ரிங் பலகை சரிஞ்சிருச்சுல்ல, எல்லாம் ஊருக் கண்ணு. திருஷ்டி பொம்மை வாங்க அருப்புக்கோட்டைக்குல்ல போகணும். ஒங்க மருமகதான், வீட்டுலயே கருப்பா ஒண்ணு கெடக்குன்னு எடுத்துக் குடுத்துச்சு."

"கழட்டு."

"கட்டுனதக் கழட்டக்கூடாது ஆத்தா. பால் காய்ச்சுற அன்னைக்குத்தான்."

பள்ளிக்கூட வேன் நாலரைக்கு வந்துவிடும். இந்த வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். பேத்தி எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன், மறுபடியும் உள்ளே போனேன். மருமகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளையாட்டுச் சாமான்தான அத்தை, வேற வாங்கிக்கிறலாம். ஏற்கெனவே பள்ளிக்கூடத்துல கருப்பி கருப்பின்னு கூப்புடுறாகளாம். இதுல அதையும் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரியுறா" என்றாள். சண்டைக்காரக் குரலாக இருந்தால் எனக்குச் சுலபம். அது அழுகிற குரலாக இருந்தது.

"சரித்தா. எந் தங்கச்சிய ஏன் தொங்க விட்டீகன்னு அவ கேப்பா. கருப்பா இருந்துச்சு, பாத்தா பேயே ஓடிரும்னு சொல்லுவியா?"

அவள் கையில் முறம் நின்றது. அலமாரியில் இருந்த ரோஸ் பொம்மையை எடுத்துக்கொண்டு நான் திரும்பவும் கொத்தனாரிடம் போனேன்.

"ஏய்யா, திருஷ்டி பொம்மை எதுக்கு?"

"பாக்குறவன் கண்ணு வீட்டு மேல விழாம, பொம்மை மேல விழுகணும்ல."

"அப்பச் செவத்ததத் தொங்க விடு. பொண்ணு பாக்கப் போனப்ப ஒங் கண்ணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

கலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கொத்தனார் தலைப்பாகையைக் கழற்றி உதறினார்.

"கருப்புதான் வேணும்னா என்னையத் தூக்கிக் கட்டு. மேல காத்தாவது வரும்" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். கருப்புப் பாப்பா கீழே வந்தது, ரோஸ் பாப்பா மேலே போனது. ஒட்டியிருந்த சிமெண்டைத் துடைத்து, பின்னலைச் சரி செய்து, கட்டிலில் அதன் இடத்திலேயே வைத்தேன். வேன் சத்தம் கேட்டபோது ஒன்றும் தெரியாதவள் போலக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

பேத்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அப்பத்தா, வெள்ளப் பாப்பாவ ஏன் கட்டித் தொங்க விட்டுருக்காக? அவ என்ன செஞ்சா?"

கட்டிலில் இருந்த பொம்மையை அவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இவளுக்கு அவ அக்கால்ல" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். மருமகள் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு தானே இறங்கிப் போனாள். கொத்தனார் அலுத்துக்கொண்டது எங்கள் வாசல் வரை கேட்டது.

"ஒங்க வீட்டுல யாரத்தாம்மா தொங்க விடுறது?"

"யாரையும் வேண்டாம்ணே. ஒரு பூசணிக்காயக் கட்டுங்க."

இப்போது பூசணிக்காய்தான் தொங்குகிறது. அதற்குச் சுண்ணாம்பில் கண்ணும் பல்லும் வரையக் கொத்தனார் போனபோது, முகம் போடக் கூடாது என்று பேத்தி சாரத்தின் அடியிலேயே நின்றுகொண்டாள். வெறுங்காயாகத் தொங்குகிறது. ஆனாலும் எனக்கு நிம்மதி வந்தபாடில்லை. காலையில் வேன் கிளம்பியதும் கட்டிலில் பொம்மைகள் இரண்டும் கிடக்கின்றனவா என்று பார்க்கிறேன். பிறகு வாசலுக்கு வந்து சாரத்தை அண்ணாந்து பார்க்கிறேன். அதற்கப்புறம்தான் வெற்றிலைக்கே கை போகிறது.