மாடி இல்லாத தீவு

போனுக்குள்ளிருந்து முதலில், காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்ததுபோல ‘சொர்ர்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. பிறகு அது பெரிதாகி, சிதம்பரத்தில் இருந்த அத்தையின் சமையலறை முழுக்கப் பரவி, சட்டென்று அடங்கியது. “கேக்குதாடி? கடலு. எட்டிப் பாத்தா தண்ணி” என்றாள் அம்மா, எனக்குப் பொம்மை வாங்கி வைத்திருப்பதைச் சொல்லும் குரலில். நான் போனை மேடைமேல் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டேன். போனை எடுத்த அத்தை, பிள்ளை சந்தோஷத்தில் குதிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவைத்தாள்.

கடலூர்ப் பிள்ளைக்குக் கடலைக் கண்டு பயமா என்று கேட்பவர்கள் சுனாமிக்கு முன்பே ஊரைவிட்டுப் போனவர்களாக இருக்க வேண்டும். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆனால் ஈரத் துணியும் செருப்பில்லாத காலுமாக மனிதர்கள் வந்தார்கள். “கடலு உள்ள வருது” என்று அவர்கள் கத்தியதைக் கேட்டு அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினார், பொழுது சாயும்வரை நாங்கள் யாரும் கீழே இறங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் உள்ள வீடுகள் எல்லாம் இரண்டே வகை: மாடி உள்ளது, மாடி இல்லாதது.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டுதான், பி.எட். முடித்து அரசு வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போன அம்மா, கணக்கு டீச்சராக மாலத்தீவுக்கு விமானம் ஏறினாள். அப்பாவுக்குக் கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை என்பதால் என்னை அவருடைய தங்கை வீட்டில் விட்டார்கள். சிதம்பரம் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, அங்கே பயமில்லை என்று அப்பா தேற்றினார். நான் பயந்தது எனக்காக இல்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அத்தை நல்லவள், ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: “போன்ல அழுவக்கூடாது, வந்துடுன்னு சொல்லக்கூடாது. அவுங்களே பாவம் அங்க தனியா கெடக்கறாங்க.”

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று சாயங்காலம் ‘ஃபாரின் போன்’ வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். காலையிலேயே மாசிக் கருவாட்டைத் தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சைச் சாறோடு பிசைந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள் என்பாள் அம்மா. கருவாட்டையா, அதுவும் காலையிலா என்று இங்கே மூக்கைப் பிடிப்பார்கள். கடற்கரையில் கயிற்று வலை கட்டிய நாற்காலியில் ஊரே வரிசையாகச் சாய்ந்து கதை பேசுமாம், அந்த நாற்காலிக்குப் பெயர் ‘ஜோலி’. “நமக்கு ஜோலின்னா வேல, இவுங்களுக்கு ஜோலின்னா சும்மா சாஞ்சிருக்கறது” என்று அவள் சொல்ல, சமையலறை குலுங்கிச் சிரித்தது. கல்யாணத்தில் மணலில் உட்கார்ந்து மேளம் கொட்டினார்கள், தன்னையும் இழுத்து ஆடவிட்டார்கள் என்றபோது அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும், அந்த நாற்காலிக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம், மேளச் சத்தத்தில் அலைச் சத்தம் காதில் விழுமா என்றுதான் நினைப்பு ஓடும். என் முறை வரும்போது ஒரே கேள்விதான் கேட்பேன், அங்கே மாடி இருக்கிறதா என்று. மாடி எதற்கு, தென்னை மரம் இருக்கிறது ஏறிக்கொள்கிறேன் என்பாள். அதற்கும் எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா எவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறாளோ அவ்வளவுக்கு அவள் கடலைக் கவனிக்காமல் இருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் மாலை, எங்கோ கடலுக்கடியில் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை என்று டிவியின் அடியில் எழுத்து ஓடியது. அத்தை மறுபடி மறுபடி நம்பரைப் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன், கூப்பிட்டும் இறங்கவில்லை. கண்ணை மூடினால், அம்மா முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் தண்ணீர் சத்தமில்லாமல் எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அத்தையும் போனோடு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடியும் நம்பரைப் போட்டுப் பார்த்தாள்.

இருட்டுகிற நேரத்தில் அவள் மடியிலிருந்த போன் அடித்தது. “ஒண்ணும் ஆவலடி. எல்லாரும் ஸ்கூல் கிரவுண்டுல உக்காந்திருக்கோம். தண்ணி வரல” என்றாள் அம்மா. பின்னால் பிள்ளைகளின் கூச்சல். உடனே பழக்க தோஷத்தில் தொடங்கிவிட்டாள், ஒருத்தி கோழிக் கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், பார்த்தால் சிரிப்பாய் என்று.

“கத வேணாம்மா” என்றேன். “நீ சிரிச்சா எனக்குப் பயமா இருக்கு. வந்துடு.”

அத்தை என்னைத் தடுக்கவில்லை. “சரிடி” என்றாள் அம்மா.

ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்க முடியாது என்பதால் அவள் வர மேலும் ஒரு வருஷம் ஆனது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே கதைகள் நின்றுவிட்டன. சாப்பிட்டியா, படிச்சியா, தலைக்கு எண்ணெய் வைத்தியா, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்படி அங்கே கேட்டும் மறுத்துவிட்டு வந்தாள் என்பது, நான் கல்லூரிக்குப் போன பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும்.

இப்போது அத்தை வீடு இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ் நிற்கிறது. வெளிநாடு போகிறவர்கள் தின்பதையும் ஆடுவதையும் நிமிஷத்துக்கு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், நானும் பயமில்லாமல் பார்க்கிறேன். அம்மாவிடம், உன் தீவைப் பற்றிச் சொல்லேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். “என்னத்த, ஸ்கூலு, ரூமு. மறந்துபோச்சு” என்கிறாள். மஞ்சக்குப்பத்தில் தன்னிடம் முதன்முதலில் டியூஷன் படித்த பிள்ளைகளின் மார்க்கை இன்றைக்கும் ஒப்பிப்பவள் அவள். அந்தத் தீவில் அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதில், பயத்தில் நான் அரைகுறையாகக் கேட்டதுதான் என்னிடம் இருக்கிறது.