ரெண்டு வெட்டு

யோகலட்சுமி எப்போதும்வென்றானில் பிறந்தவள். ஊர்ப் பெயரில் இருக்கிற வெற்றி அவளோடு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வரவில்லை. வாக்கப்பட்டு வந்த வீட்டின் மாடியறையில், தகரக் கூரைக்குக் கீழே, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு நந்தகோபால் அண்ணாச்சியின் ஸ்டுடியோவுக்கு வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறாள். அவள் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. கம்ப்யூட்டர்தான் சண்டி. ஒரு காட்சியை வெட்டி நகர்த்தினால் திரையில் வட்டம் சுற்றும். இவள் கீழே போய்க் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அண்ணாச்சி கல்யாண வீடியோவையெல்லாம் தூத்துக்குடிக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவசரமில்லாத சடங்கு வீடியோக்களை இவள் பக்கம் தள்ளுவார்.

இந்த ஆவணியில் தூத்துக்குடிக்காரனுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு கல்யாணம் இவளிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் இனி வருகிற முகூர்த்தமெல்லாம் உனக்குத்தான் என்று அண்ணாச்சி வாய்விட்டே சொல்லிவிட்டார். இதை விட்டால் இன்னொரு தடவை அமையாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, விரல் நீளத்துக்கு வருகிறதே அந்த வேகமான எஸ்எஸ்டி, அதைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம், தேர்ந்தெடுப்பதுதான் பாடு. யூடியூபில் ஒருவன் இதுதான் அதிவேகம் என்றான். இன்னொருவன் அது வெயில் ஊருக்கு ஆகாது, சூடாகிப் படுத்துவிடும் என்றான். இவள் பெட்டிக்கு எது சேரும் என்பதை மட்டும் ஒருவனும் சொல்லித் தொலைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் தங்கமாரி இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ரெண்டும் எம் டூ சைஸ்தான்க்கா. எதுன்னாலும் உங்க பெட்டியில உக்காந்துரும்."

ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே விலை. செருகுகிற ஓரத்துத் தங்க நிறப் பல்வரிசையில் ஒன்றுக்கு ஒரு வெட்டு, மற்றதற்கு ரெண்டு வெட்டு. அவள் அப்பாவின் ஆட்டுக் கிடையில் விற்கிற குட்டிக்குக் காதில் ஒரு வெட்டு; விற்காமல் வீட்டோடு வைத்துக்கொள்கிற நல்ல ஜாதிக்கு ரெண்டு. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோயிருந்தவளின் கை, தானாக ரெண்டு வெட்டுக்குப் போய்விட்டது.

வீட்டில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அப்படியொன்று வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினாள். அதே கதைதான். கடைக்குப் போன் போட்டாள். தங்கமாரி அவள் பெட்டியின் மாடலைக் கேட்டுவிட்டு இழுத்தார்.

"அக்கா, உங்க பெட்டி என்விஎம்இ மட்டுந்தான் எடுக்கும். அது ஒரு வெட்டு உள்ளது. நீங்க கொண்டு போன ரெண்டு வெட்டு சாட்டா, அது வேற ரகம். உக்காரும், ஆனா ஓடாது."

மாற்றித் தருகிறாராம். ஆனால் அந்த ஒரு வெட்டு மத்தியானமே விற்றுப்போயிற்றாம். மதுரையிலிருந்து திங்கட்கிழமைதான் வருமாம். உட்காரும் என்று சொன்னவர் ஓடுமா என்று சொன்னாரா? அவரைத் திட்டுவதா, ஆட்டுக் காதை நம்பிய தன்னைத் திட்டுவதா என்று தெரியாமல் அவள் கொதித்தாள்.

பழைய டிஸ்க்கையே மாட்டி ராப்பகலாக மல்லுக்கட்டியும் ஞாயிற்றுக்கிழமை பாதிதான் முடிந்திருந்தது. அண்ணாச்சி வந்து மொத்தத்தையும் வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். ஒரு சடங்கு வீடியோவைக் கொடுத்து, அவசரமில்லை, மெதுவாகச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சரியானது வந்தது. மாட்டியதும் கம்ப்யூட்டர் பறந்தது. ஒரு வாரம் இழுக்கிற வேலை மறுநாள் மத்தியானமே முடிந்துவிட்டது. உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

"அதுக்குள்ளயுமா?" என்றார் அவர். "ஏம்மா, ஒழுங்கா பாத்துத்தான் செஞ்சியா? இத்தன நாளா மெதுவா, சுத்தமா செஞ்சுக்கிட்டிருந்த. இப்பம் ஏன் இப்படி அவசரப்படுத? இன்னொருக்கா பொறுமையா பாத்துட்டு அடுத்த வாரம் கொண்டா."

 சரி அண்ணாச்சி என்றாள் யோகலட்சுமி.