நானாவின் படகுக்கு நான் மாற்றிக் கொடுத்த முகவரி

கிண்ணியாவில் இருக்கும் ஒருவர் திருகோணமலைக் கடலில் வெளிநாட்டவர்களைத் திமிங்கிலம் பார்க்கப் படகில் கூட்டிப் போகிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அழைப்பதுபோல நான் அவரை நானா என்பேன், அவருக்கு நான் தங்கச்சி. பாலையூற்றில் வீட்டு முன்னறையில் இருந்து இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். என்னை நம்பி வந்த முதல் ஆள் அவர்தான்.

படகின் பெயரிலேயே அவருக்கு ஒரு டொமைன் வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த இணைய முகவரியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நாட்டில் டொலர் இல்லாமற்போன காலத்தில் என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கட்டணத்தை ஏற்கவில்லை. கனடாவில் இருக்கும் அக்காவிடம் கேட்டுத்தான் அந்த வருடம் புதுப்பித்தேன். அப்போதுதான் பிளொக்செயின் பெயர்கள் என்ற புதுவகை இணைய முகவரிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஒரு தடவை வாங்கினால் போதும், புதுப்பிக்கத் தேவையில்லை. எந்த நிறுவனமும் பறிக்க ஏலாது, சாவி நம் கையில். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மூலமே நானாவின் படகுப் பெயரில் ஒன்றை வாங்கினேன்.

சாதாரண பிரவுசரில் அந்தப் பெயர் திறக்காது என்பது எனக்குத் தெரியும். அதற்கென்று தனியாக ஒன்றை ஏற்ற வேண்டும். சீக்கிரத்தில் எல்லாவற்றிலும் திறக்கும் என்று எழுதியிருந்தார்கள். நானும் நம்பினேன். நானாவின் போனில் அந்தப் பெயரைத் திறக்கும் வேறொரு பிரவுசரை ஏற்றி, தளத்தைத் திறந்து காட்டினேன்.

அவர் சந்தோஷத்தோடு பார்த்துவிட்டு, “மத்த ஆக்களுக்கும் இப்பிடித் திறக்குமா தங்கச்சி?” என்று கேட்டார்.

“ஓம் நானா, திறக்கும்” என்றேன்.

பழைய முகவரியையும் வைத்திருந்திருக்கலாம். புதுப்பிக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. அக்காவிடம் மறுபடி போய் நிற்க வெட்கமாக இருந்தது. மூன்றையும் அழித்தேன்.

அடுத்த சீசனில் படகுப் பயணம் கேட்டு நானாவுக்கு வரும் மின்னஞ்சல்கள் குறைந்தன. சுற்றுலாக்காரர்கள் நாட்டுக்கு வரப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் மற்றப் படகுகள் ஆட்களோடு போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் காலை உப்புவெளிக் கடற்கரையிலிருந்து போன் எடுத்தார். “கொஞ்சம் வந்திட்டுப் போங்க தங்கச்சி.”

ஸ்கூட்டியில் போனேன். வயதான ஜெர்மன் தம்பதி ஒன்று அவரோடு நின்றது. முன்பு இரண்டு தடவை அவர் படகில் போனவர்கள். அந்த அம்மா அவர் கையைப் பிடித்தபடி நின்றார். படகின் பெயரை அடித்துப் பார்த்தோம், சூதாட்டப் பக்கம் ஒன்றுதான் வந்தது, நீங்கள் தொழிலை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்து நேற்று வேறு படகில் போய்விட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் கைவிட்ட முகவரியை யாரோ எடுத்திருந்தார்கள்.

அந்த அம்மாவின் போனை வாங்கிப் புதிய பெயரை அடித்தேன். அப்படி ஒரு தளமே இல்லை என்று வந்தது. நானா எட்டிப் பார்த்தார்.

“என்ட போன்ல வருதே?”

“உங்கட போன்ல நான் வேற பிரவுசர் போட்டனான் நானா.”

“அப்ப இவங்கட போன்ல?”

“வராது.”

“அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, பேரப்பிள்ளைகள் சுகமா என்று தன் ஆங்கிலத்தில் விசாரித்தார். மறுநாள் விடியக் கடலுக்குப் போவோம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார்.

பழைய முகவரியை எடுத்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதினேன். பதில் வரவில்லை. கடைசியில் படகின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து, சாதாரண டொமைன் ஒன்றைப் பதிந்து கொடுத்தேன். பழைய ஆட்களுக்கு அது தெரியாது. நானா ஒருத்தர் ஒருத்தராகத் தேடி எழுதினார். பிளொக்செயின் பெயரை, சொன்னது போலவே, யாரும் பறிக்கவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

“புதுசாச் செய்யிறது பிழையில்ல. கேட்ட நேரம் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அடுத்த வருடம் தளத்தைப் பார்க்கும் வேலையைக் கிண்ணியாவில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு வழக்கம்போல அவர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் இனிப்பான வட்டிலப்பம் வந்தது. வராது என்று நினைத்திருந்தேன். பாத்திரத்தை மாம்பழத்தால் நிரப்பிக்கொண்டு கிண்ணியாப் பாலம் கடந்து போனேன். இந்த முறை வாய்விட்டு மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். நானா வீட்டில்தான் இருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, “அம்மாட கால்வலி எப்பிடி?” என்று கேட்டார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். படகின் எஞ்சினைப் பற்றி, இந்த வருடக் காற்றைப் பற்றிக் கதை போனது. தேத்தண்ணி முடிந்தது. பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.