செக்போஸ்ட் அக்கா

"ஒரு சின்ன வேலைதான்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். சின்ன வேலையென்றால் நீயே செய்துகொள்ள வேண்டியதுதானே? எங்கள் ஆபீஸில் இதை முகத்துக்கு நேரே கேட்ட ஒரே ஆள் அக்காதான்.

என் கடைசித் தங்கையைவிடவும் வயதில் சிறியவர். ஆனாலும் அந்த அறையில் எல்லோருக்கும் அக்கா, எனக்கும்தான். மேனேஜர்கள் மட்டும் முதுகுக்குப் பின்னால் ‘செக்போஸ்ட்’ என்பார்கள்.

பாலம், தண்ணீர்க் குழாய், ஆஸ்பத்திரிக் கட்டடம் என்று ஊரெல்லாம் வேலை எடுத்துச் செய்கிற கம்பெனி. அத்தனையையும் மேய்க்கிற புராஜெக்ட் ஆபீஸ் எங்களுடையது. மேனேஜர்களை அவர்கள் பார்க்கும் வேலையின் பெயராலேயே சொல்லுவோம்: பாலம் சார், குழாய் சார், ஆஸ்பத்திரி மேடம். ஒவ்வொருவருக்கும் ஓர் உதவியாளர். நான் பாலத்துக்கு. கடிதம் அடிப்பது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, லாரிக்கும் கிரேனுக்கும் நாள் சொல்வது எல்லாம் எங்கள் தலையில். எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குழாயின் உதவியாளர் அம்மா அதே நேரத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். கொஞ்சம் கைகொடுக்கச் சொன்னால், "அவங்க என் ஆளு, வேற வேலை குடுக்காதீங்க" என்பார் குழாய் சார். ஆளாம். கடையில் வாங்கிப்போட்ட நாற்காலி மாதிரி.

ரிசப்ஷனில் போன் எடுக்கச் சேர்ந்து, எங்கள் எல்லோருக்கும் ஹெட்டாக உயர்ந்தவர் அக்கா. வந்ததும் முதல் காரியமாக எங்களை ஒரே அறையில் உட்காரவைத்தார். எந்த வேலையானாலும் வாசலை ஒட்டிய அவர் மேஜைக்குத்தான் வர வேண்டும். யார் கை காலியோ அவர்களிடம் அது போகும். வழியில் மடக்கி யாராவது வேலை சொன்னால், "இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று நாங்கள் கேட்டே ஆக வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

அந்தக் கேள்வி அவர் வீட்டில் பிறந்தது. மாமியாருக்கு ரத்த அழுத்தம். ஒருநாள் மகனிடம் மாத்திரை கேட்டிருக்கிறார். மகன் பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்தவர், எங்கே மறந்துவிடுவாரோ என்று பேத்தியிடமும் கேட்டிருக்கிறார். இரண்டு பேருமே கொடுத்தார்கள். போட்டதை மறந்து அந்த அம்மா மறுபடியும் விழுங்கி, குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் நல்ல மனசோடதான் குடுத்தாங்க. அதான் எனக்குப் பயமே" என்பார் அக்கா.

இது எதுவும் மேனேஜர்களுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டால், "என்ன, என்னையே விசாரிக்கிறியா?" என்று எரிந்து விழுவார்கள். தலை நரைத்த நான் காதில் வாங்காமல் கேட்பேன். கடைக்குட்டி கேட்பாளா? எங்களில் இளையவளை அப்படித்தான் கூப்பிடுவோம். கான்ட்ராக்டில் இருந்தாள், பர்மனென்ட் ஆகும் நேரம். அம்மா, தம்பி என்று வீட்டில் மூன்று வாய், சம்பாதிப்பது இவள் ஒருத்தி. இந்த வேலை போனால் மறுபடியும் மாமா வீட்டு மாடி அறை, அத்தையின் குத்தல் பேச்சு.

பாலத்தின் உத்தரங்களைத் தூக்கி வைக்கப் புதன்கிழமைக்குப் பெரிய கிரேன் சொல்லியிருந்தோம். பாலம் சார் அக்காவின் மேஜைக்கு முறையாக வந்து, "கிரேனை ஒரு நாள் தள்ளி வைங்க" என்றார். அக்கா என்னிடம் கொடுத்தார். நான் வியாழனுக்கு மாற்றினேன். அத்தோடு விட்டாரா மனிதர்? தண்ணீர் மிஷின் பக்கத்தில் கடைக்குட்டியைப் பார்த்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அவள் காதிலும் போட்டார்: "ஒரு சின்ன வேலைம்மா, கிரேனை ஒரு நாள் தள்ளி வச்சிடு." அவள் கேள்வி கேட்கவில்லை. முந்தின வாரம்தான் அவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் வியாழன் என்றிருந்தது. வெள்ளிக்கு மாற்றினாள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள்.

வியாழக்கிழமை சாலையை அடைத்தாகிவிட்டது, போலீஸ் நின்றது, உத்தரங்கள் வந்து இறங்கின. கிரேன் மட்டும் வரவில்லை. சாலையில் மாட்டிக்கொண்ட ஊரே கம்பெனியைத் திட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் கிரேன் ஜம்மென்று வந்து நின்றது. அன்றைக்குச் சாலையை அடைக்க அனுமதி இல்லை. வந்த வழியே திரும்பிப் போனது.

டைரக்டர் கூட்டம் போட்டார். நானும் இருந்தேன். அக்கா நடந்ததைச் சொன்னதும் எல்லோரும் பாலம் சாரைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்."

கிரேன் எத்தனை டன் தூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர். தண்ணீர் மிஷின் பக்கத்தில் சொன்னது மட்டும் ஞாபகமில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது. டைரக்டருக்கு எரியவில்லை. அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"அந்தப் பொண்ணை நிறுத்துற லெட்டர். சாயங்காலம் வருவேன், கையெழுத்துப் போட்டு வைங்க."

"போட மாட்டேன் சார்."

"நீங்கதானே ஹெட்டு?"

"அப்ப ஹெட்டு வேலை எனக்கு வேணாம்."

அக்கா அறைக்கு வந்தார். லெட்டரை மேஜையில் எறிந்துவிட்டு, தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மூலையில் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அந்த மேஜையில இருக்கறவங்கதான் கையெழுத்துப் போடணுமாம். யாராவது உட்காருறீங்களா?"

யாரும் அசையவில்லை. எனக்கு முட்டி வலி, வாசலில் காற்று அடிக்கும் என்றேன். ஸ்வெட்டர் அம்மா ஊசியைக் கையில் எடுத்தார். கடைக்குட்டி அழுதுகொண்டே டைப் அடித்தாள்.

சாயங்காலம் பாலம் சார் ஓடி வந்தார். காலி மேஜையைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, "அண்ணே, திங்கட்கிழமைக்கு கிரேன் சொல்லிடுங்க" என்றார்.

"வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா சார்?"

"இல்ல, இல்ல."

சொல்லிவிட்டு என் கண்ணெதிரிலேயே ஸ்வெட்டர் அம்மாவிடம் குனிந்து அதையே கிசுகிசுத்தார். சிலருக்கு அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடைக்குட்டியிடம் போனாரோ தெரியவில்லை. லெட்டருக்காக வந்த டைரக்டர் வாசலில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"ஒரு சின்ன வேலைம்மா. கிரேனைத் திங்கட்கிழமைக்கு..."

கடைக்குட்டி எழுந்து நின்றாள்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா சார்?"

"என்ன, என்னையே..." என்று ஆரம்பித்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு திரும்பினார். டைரக்டர் நின்றிருந்தார். பாலம் சார் என்னைக் கைகாட்டினார்.

"இவர்கிட்ட சொன்னேன். அந்த அம்மாகிட்டயும். எதுக்கும் இருக்கட்டும்னு."

"அன்னைக்கும் இப்படித்தானா?" என்றார் டைரக்டர்.

"ஆமா சார்."

டைரக்டர் லெட்டரை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது பிறகு வெளியே வரவில்லை. கடைக்குட்டிக்குப் பர்மனென்ட் ஆர்டர்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அக்கா நாற்காலியைத் திரும்ப வாசலுக்கு இழுத்து வந்து உட்கார்ந்தார்.

"அப்ப கிரேன்?" என்றார் பாலம் சார்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்டல்லாம் போய் வேணாம்னு சொல்லிட்டு வாங்க சார். அப்புறம் இங்க சொல்லுங்க."

அவர் மேஜை மேஜையாகப் போனார். கடைசியில் கடைக்குட்டியிடம் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "வேணாம்மா" என்று மட்டும் சொன்னார்.