கறிக்கடை பாயின் டீ ஃபிளாஸ்க்

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் சமயம். அப்போது நாங்கள் லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பசு. தலைச்சன் சினை, மாசம் நிறைந்திருந்தது. கல்யாணத்தின்போது அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்த கன்றுக்குட்டி அது. போட்டு வந்த நகையைவிட அதன் மேல்தான் எனக்குக் கர்வம்.

மாட்டுப்பொங்கல் அன்று கொம்புக்கு வர்ணம் அடித்துத் தெருவில் ஓட்டிப் போனோம். வாசலுக்கு வந்த மாட்டை எங்கள் தெருவில் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல் உருண்டை. பிள்ளைத்தாச்சி என்று இவளுக்கு மட்டும் கூடுதல் உபசாரம்! அவளும் கூச்சமே படாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. அசைபோடவில்லை. கண் உள்ளே போயிருந்தது. கணவரோ சிமென்ட் ஆலையில் ஷிப்டுக்குப் போயிருந்தார். போன் போட்டதும் வந்த கால்நடை டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பொங்கல் உள்ள புளிச்சுப் போச்சுங்க. தீனியைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிரெல்லாம் செத்திருக்கும்."

குழாய் விட்டுப் புளித்ததை வெளியே எடுத்தார், ஆப்ப சோடா கரைத்து ஊற்றினார், டிரிப்ஸ் ஏற்றினார். அப்புறம், "நல்லா இருக்குற ஆட்டோட இல்ல மாட்டோட இரைப்பைத் தண்ணி வேணும். சூடு ஆறாம கொண்டாங்க. இல்லேன்னா தாயும் கன்னும் தங்காது" என்றார். தெருவில் மற்ற மாடுகளும் பொங்கல் தின்றவைதானே! ஆடு என்றதும் கறிக்கடைதான் நினைவுக்கு வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக் கறிக்கடைக்குப் பறந்தேன். பொங்கல் முடிந்து வீட்டுக்கு வீடு கறி எடுக்கும் கறிநாள் என்பதால் கூட்டம் ரோடு வரை நின்றது. கடைக்கார பாயை நான் முன்பின் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தாத குறை. பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஒருவர் முணுமுணுத்ததற்கு, "ஒங்க கறி எங்கயும் ஓடிடாது, இருங்க" என்றார்.

அப்போதுதான் அறுத்த கிடாயின் இரைப்பையைத் திறந்து, துணியில் வடிகட்டிப் பிழிந்தார். சூடு ஆறக்கூடாது என்றதும் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டிலிருந்து அவருக்கு டீ வந்த பெரிய ஃபிளாஸ்க் இருந்தது. துபாயிலிருந்து மகன் வாங்கி வந்ததாம். டீயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அலசி, அதில் நிரப்பினார்.

"ஐயோ பாய், டீ குடிக்கிறதாச்சே!"

"டீ எதுலதான் குடிக்கக்கூடாது? ஆறதுக்குள்ள போயிடு தங்கச்சி. அல்லா காப்பாத்துவான்."

டாக்டரம்மா அதைக் குழாய் வழியே உள்ளே விட்டார். அதன்பிறகு அவள் தாடையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் மத்தியானம் லேசாக அசைந்தது, நின்றது. திரும்பவும் அசைந்தது. அசைபோடுகிறாள்! வாய்விட்டு அழுதேன்.

புது ஃபிளாஸ்க் வாங்கிக்கொண்டு போனால் பாய் தொடவே இல்லை. "கன்னு போட்டா சீம்பால் கொண்டாங்க, போதும்" என்றார். கிடேரிக் கன்று பிறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

இப்போது அரியலூர் டவுனில் வாடகை வீடு, மாடு கட்ட இடமில்லை, பாக்கெட் பால்தான். ரோட்டோரம் ஏதாவது மாடு கண்ணை மூடி அசைபோட்டால் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் வந்து எந்த உதவி கேட்டாலும், "இதையா?" என்று முகம் சுளிக்க மட்டும் அன்றிலிருந்து எனக்கு மனசு வருவதில்லை.