தேயிலக் காட்டுல கடல் மரம்

லோரி ஓட்டுறவனுக்கு மலை ஏறும்போது இன்ஜின் கவல, எறங்கும்போது பிரேக் கவல. மத்த கவலயெல்லாம் ஆபிஸ்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கும். எழுவதுகள்ல மலேசியாவுல, கேமரன் மலையில எஸ்டேட் லோரி ஓட்டுனவன் நான். ஆபிஸ் கணக்கு பாக்குற கிராணிகிட்ட கூர, கொழா, செவுருன்னு எதயாச்சும் கேட்டுக் கால் கடுக்க நின்ன சனங்களே, இது உங்களுக்குத்தான்.

நக்கிப் பாத்த இல

தேயிலப் பெட்டிய எறக்க கடலோரம் போவேன். எறக்கி முடிக்கிற வரைக்கும் ஆ செங்கோட பேச்சு. படகுல போயி பாக்காவ்ங்கிற கடலோர மரம் வெட்டுற சீனன் அவன். அந்த மரம் இருக்கே, சேத்துல நாலா பக்கமும் வேர ஊனிக்கிட்டு, சேலயத் தூக்கிச் சொருகி ஆத்தத் தாண்டுற பொம்பள மாதிரி நிக்கும். அல மோதுனாலும் அசையாது. பக்கத்துல இன்னொரு சாதி மரம், மூச்சு விடுறதுக்கு வேர பென்சில் பென்சிலா சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு. அதோட இலயில உப்பு பூக்கும்னு ஆ செங் சொன்னான். நான் பிச்சு நக்கிட்டேன். கருவாடே தேவல! அவன் மலாய்ல கேட்டான்: "குடிச்ச உப்ப அது வேர்வையா தள்ளுது லா. மரத்தோட வேர்வைய நீ ஏன் நக்குற?"

கிராணி முன்னால மரமா நின்னது

எங்களுது எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில கடைசி வீடு. பின்னால மேடு. மழ பேஞ்சா மேட்டு மண்ணு அடுப்பங்கரைக்கு விருந்தாளியா வந்துரும். ஒரு கல்லு செவுரு கட்டித் தாங்கன்னு பெரிய கிராணிகிட்ட நின்னேன். "மேட்டுக்கு செவுரா?"ன்னு சிரிச்சாரு. நம்ம வாயி சும்மா இருக்குமா? "பாக்காவ் மரங்கூட சேத்த இப்படிப் புடிச்சுக்குது, எஸ்டேட்டால முடியலயா?"ன்னு கையயும் காலயும் அகட்டி, மேச முன்னால மரமாவே நின்னு காட்டிட்டேன். ஆபிஸே சிரிச்சுது. கிராணி மட்டும் சிரிக்கல, அவரு கண்ணு மினுங்குச்சு. "அப்ப செவுரு என்னத்துக்குய்யா? அடுத்த நடையில அந்த மரத்தயே கொண்டாந்து நடு!"

சரோஜா கோணிய அவுத்தது

பாக்காவ் தன் புள்ளய கெளயிலயே மொளைக்க வச்சுத்தான் கீழ விடும். நீட்டமா, பச்சையா, விழுந்த வேகத்துல சேத்துல குத்திக்கும். அதுல ஒரு கோணி நெறய கொண்டாந்தேன். வீட்டுக்காரி சரோஜா அவுத்துப் பாத்தா. அவ மூஞ்சி இருக்கே, மழைக்கு முந்தின எங்க பிரிஞ்சாங் மல வானம். "செவுரு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, முருங்கக்கா வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே!"

உப்பு வைத்தியம்

மேட்டுல நட்டாச்சு. கிராணி கொடயப் புடிச்சுக்கிட்டு வந்து பாத்தாரு. கடல் மரத்துக்கு நல்ல தண்ணி ஒத்துக்காதாம், தெனம் உப்புத் தண்ணி ஊத்தணுமாம். ஊத்துனோம். மொதல்ல பக்கத்துத் தேயிலச் செடி மஞ்சளாச்சு. அப்புறம் மலக் குளிருல பாக்காவ் ஒவ்வொண்ணா கருத்துச்சு. கீழ போனப்ப ஆ செங்கிட்ட கிராணி கொரல்லயே சொல்லிக் காட்டுனேன். அவன் சிரிச்ச சிரிப்புல படகே ஆடுச்சு. "அது என்ன ஆசப்பட்டா உப்பு குடிக்குது? போக்கெடம் இல்லாம பொறுத்துக்குது லா!"

இல இல்லாத மரம்

மழக்காலம் வந்துருச்சு. மேட்டுல வெடிப்பு. சரோஜா சட்டிபானைய முன் ரூமுக்கு மாத்திட்டா. திரும்பி வர்ற வெறும் லோரியில ஆ செங் குடுத்த பாக்காவ் கட்டய ஏத்திக்கிட்டேன். லைன் ஆளுங்க சேந்து வீட்டுக்குப் பின்னால வரிசையா அடிச்சு எறக்கி, பலக வச்சு அணச்சோம். மேடு சரிஞ்சுது. கட்ட அசையல. அடுப்பங்கரைக்கு ஒரு பிடி மண்ணுகூட வரல.

மறுநா எஸ்டேட் மேனேஜர் தொர பாக்க வந்தாரு. கிராணி முந்திக்கிட்டாரு: "நான் நடச் சொன்ன கடல் மரந்தாங்க தொர!" தொர மேலயும் கீழயும் பாத்தாரு. "இலயக் காணோமே?" "குளிருக்குக் கொட்டிருச்சுங்க." "தொர, அந்த செவுரு..."ன்னு சரோஜா ஆரம்பிச்சா. தொர கட்டயத் தட்டிக் குடுத்துட்டுச் சொன்னாரு: "நல்ல மரம். இனிமே செவுரே தேவயில்ல."

கடல் உப்பத் தாங்குன மரம் எங்க குளிருல செத்துப் போச்சு. நாங்க அந்தக் குளிரயும் தாங்கி, கிராணியயும் தாங்கி, எப்படியோ இலயோட நின்னோம்.