பம்பரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

தையல்காரியின் வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்வாள், ஆனால் உட்கார இடம் இருக்காது. ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். முன்னறையில் பாதியை வெட்டுமேசை பிடித்துக்கொண்டது, மீதியைத் துணிச்சுருள்கள் பிடித்துக்கொண்டன. அவளும் புருஷனும் நடுவே ஒருக்களித்து நடந்து பழகிவிட்டார்கள். அந்த வீட்டில் நடக்கவே தெரியாமல் ஓட மட்டும் தெரிந்தவள் அவர்களுடைய ஒரே மகள். எட்டு வயது. அப்பா வைத்த பட்டப்பெயர் பம்பரம். நிஜப் பம்பரமாவது சுற்றி முடித்தால் சாய்ந்து படுக்கும். இவள் தூக்கத்திலும் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அந்த வருடத்தில் ஐந்தாவது முறையாகக் கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொரு முறையும் தையல்காரி பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு, மேலெல்லாம் நூல் ஒட்டியிருக்க, பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள்.

"நேத்து சொல்லிக்குடுத்தது இன்னிக்கி ஞாபகம் இல்ல," என்றார் டீச்சர். "பக்கத்துப் பிள்ளையோட நோட்டக் கிழிச்சிட்டா. ஏம்மா கிழிச்சேன்னு கேட்டா, தெரியல டீச்சர்ங்கறா. பொய் சொல்றான்னா கூட எனக்குக் கவலை இல்ல. நிஜமாவே அவளுக்குத் தெரியல. டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் இந்த ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தப் பள்ளி வேண்டாம் என்றால் வேறு எந்தப் பள்ளி வேண்டும் என்று சொல்லும்? தைத்த மடிப்பையே பிரித்துப் பிரித்துத் தைத்தாள். புருஷன் வந்ததும் வராததுமாக விஷயத்தைக் கொட்டினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் இருக்கும்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா மூடியக் கழட்டி எந்த ஒயர்னு பாக்கலாம். பிள்ளையக் கழட்டியா பாக்கறது? நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன்."

"அதனாலதாங்க எனக்குப் பயமா இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு ஒயர்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுதியாகத் தோன்றிவிட்டது. வளர்ப்பு சரியில்லை, கண்டிப்பு போதாது என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். வளர்ப்பு என்றால் அது அவள் தலையில் விடியும். ரத்தத்தில் ஏதாவது குறை என்றால் கண்டுபிடிக்கலாம், மருந்து கொடுக்கலாம். அப்படி ஒரு குறை இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட தாய் அவளாகத்தான் இருப்பாள்.

கிடைத்தது ஒரு சத்துணவு ஆலோசனை மையம். திரைக்கு அளவெடுக்கப் போன இடம்தான். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: படிப்பில் மந்தமா, சேட்டையா, பரிசோதித்துப் பாருங்கள். அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு மறுநாளே பம்பரத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். முடியில் ஒரு கொத்தும் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். பத்து நாளில் பளபளவென்று ஒரு பட்டியல் வந்தது. சாப்பிடக் கூடாதவை நாற்பத்தொன்று. பால் கூடாது, முட்டை கூடாது, கோதுமை, மீன், நிலக்கடலை, தக்காளி எதுவும் கூடாது. தண்ணீரையும் காற்றையும் விட்டுவைத்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அவள் அதை மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற ஜாதி அல்ல அவள். மூன்று மாதம் பட்டியலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். பிள்ளை இளைத்தது. முகம் வெளுத்தது. வயிறு வலி என்று சுருண்டு படுத்தது. பள்ளியில் அடுத்த பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முட்டையை எடுத்துத் தின்றுவிட்டது. டீச்சர் கூப்பிட்டனுப்பியது ஏழாவது முறை ஆயிற்று.

ஒன்றே ஒன்றுதான் அந்த நாட்களில் ஆறுதல். திரையின் அடிமடிப்பில், மூலைக்கு ஒன்றாகவும் நடுவில் இரண்டாகவும், சின்னச் சின்ன வில்லைகளை வைத்துத் தைப்பார்கள். அந்தக் கனம் இருந்தால்தான் திரை நேராகத் தொங்கும், காற்றில் பறக்காது. மீன்வலைச் சாமான் விற்கிற கடையில் பை பையாக வாங்கி வருவாள். அது என்ன உலோகம் என்று அவள் கேட்டதுமில்லை, கடைக்காரர் சொன்னதுமில்லை. கனமாக இருக்க வேண்டும், துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அவற்றை எண்ணி, இடம் பார்த்து வைத்துக் கொடுக்கிற வேலை ரொம்ப நாளாகவே பம்பரத்தினுடையது. வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். பாடத்தில் இரண்டும் மூன்றும் எவ்வளவு என்றால் திருதிருவென்று முழிப்பவள், இதில் ஒரு வில்லை கூடவோ குறையவோ விட்டதில்லை.

"பாருங்க, வேலைன்னா எப்படி உக்காந்திருக்கா," என்று புருஷனிடம் பெருமையாகக் காட்டுவாள். பள்ளியிலிருந்து புகார் கூடக் கூட அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்கினாள்.

வயிற்று வலி அதிகமானபோதுதான் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் போலிருந்தது. பட்டியலை வாங்கி ஒரு நிமிடம் படித்தார்.

"பாலையும் முட்டையையும் யாரு நிறுத்தச் சொன்னது?"

"அதுல எழுதியிருக்கு டாக்டர்."

"எழுதினவங்க பிள்ளையப் பாத்தாங்களா?"

"முடியப் பாத்தாங்க."

டாக்டரம்மா பட்டியலை நான்காக மடித்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். காது, கண் இரண்டையும் பார்க்க எழுதிக் கொடுத்தார். கையிலிருந்து ரத்தம் எடுத்து இரும்புச்சத்து, தைராய்டு என்று வரிசையாகச் சோதிக்கச் சொன்னார். ஊசி குத்தும்போது பம்பரம் நர்ஸின் கையைக் கடித்துவிட்டாள். தையல்காரிக்கு மானம் போயிற்று.

முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மெஷினை விட்டு எழுவாள், வாசலுக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள்.

"இரும்புச்சத்து ரொம்பக் குறைவு," என்றார் டாக்டரம்மா ஆறாம் நாள். "அது உங்க பட்டியலோட புண்ணியம். அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ரத்தத்துல ஈயம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, நிறைய. ஈயம் மூளையத்தான் முதல்ல தொடும். இரும்புச்சத்து இல்லாத உடம்பு அதை இன்னும் இழுத்துக்கும்."

"அதனாலதான் இப்படி இருக்காளா டாக்டர்?"

"எல்லாமே அதனாலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது உள்ள போறத நிறுத்தாம வேற எது செஞ்சும் பிரயோஜனம் இல்ல. வீட்ல பழைய பெயின்ட் உரியுதா? பேட்டரி வேலை யாராவது செய்றாங்களா? பழைய தண்ணிக் குழாயா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தாள்.

"வீட்ல வேற என்ன வேலை நடக்குது?"

"தையல்தான் டாக்டர். வெறும் துணி."

"தேடுங்க. அவ வாய்க்கு எதுவோ போய்க்கிட்டிருக்கு."

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். புருஷன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னல் கட்டையைச் சுரண்டினார், குழாயைக் கழற்றினார். கழற்றிப் பார்க்க ஏதோ ஒன்று கிடைத்ததில் அவருக்கு ஒரு வேகம் வந்திருந்தது. அவள் பொம்மைகளையும் கலர் பென்சில்களையும் அள்ளிக் குப்பைப் பையில் கட்டினாள். பம்பரம் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் காலில் இடறினாள்.

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு," என்று கத்தினாள் தையல்காரி. "போ, மேசைக்கடியில உக்காந்து வில்லை எண்ணு. ஓட்டல்காரர் நாளைக்கி வந்து நிப்பாரு."

பிள்ளை பையை எடுத்துக்கொண்டு குஷியாக உள்ளே போனது.

தேடித் தேடி ஒன்றும் அகப்படாமல் சாயங்காலம் அவளும் மேசைக்கு வந்தாள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய திரையை விரித்து மடிப்பைக் கூட்ட ஆரம்பித்தாள். இரண்டு கையும் துணியில் இருந்ததால் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். தையல்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். சாக்குக்கட்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

பம்பரம் கீழே தொங்கிய திரையின் அடிமடிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் உதடுகளுக்கு நடுவே இரண்டு சாம்பல்நிற வில்லைகள். கன்னத்தில் இன்னொன்று புடைத்துக்கொண்டிருந்தது. புருவத்தை அம்மாவைப் போலவே சுருக்கியிருந்தாள்.

தையல்காரி அலறப் பார்த்தாள். வாயில் நான்கு ஊசி. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்துவதற்குள் விரலிலேயே ஒன்று ஏறியது. அதற்குள் பிள்ளை ஒரு வில்லையை உதட்டிலிருந்து எடுத்து மூலையில் வைத்துவிட்டு, கன்னத்தில் இருந்ததை நாக்காலேயே தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. எத்தனை நாள் பழக்கமோ.

மண்டியிட்டுப் போய் மகளின் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். "துப்பு."

"எண்ணிக்கை சரியாத்தாம்மா இருக்கு."

"துப்புடி!"

துப்பினாள். வில்லைகள் எச்சிலோடு சூடாகக் கையில் விழுந்தன.

"எப்பலேருந்து இப்படி வாயில வெக்கற?"

"எப்பவும்தான். ரெண்டு கையும் துணியில இருந்தா வேற எங்க வெக்கறது? நீ மட்டும் ஊசிய வெக்கற."

புருஷன் ஒரு வில்லையை வாங்கிக் கத்தியால் கீறினார். வெண்ணெய் போல வெட்டுப்பட்டது; உள்ளே பளிச்சென்று மின்னியது. காகிதத்தில் இழுத்தார். பென்சில் கோடு மாதிரி கறுப்பாக விழுந்தது. "ஈயம்தான்," என்றார்.

அவர் திட்டுவார் என்று தையல்காரி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. "நான்தாங்க குடுத்தேன். என் கையால எடுத்துக் குடுத்தேன். ஏதாவது சொல்லுங்களேன்."

"என்னத்தச் சொல்றது. நானும் தினம் இந்த மேசையத் தாண்டித்தான போறேன்." பையின் வாயை இறுகக் கட்டினார். "காலையில டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவோம். நீ முதல்ல அவ வாயக் கழுவு."

கழுவிவிட்டாள். பல் இடுக்கெல்லாம் விரலை விட்டுக் கழுவினாள். அப்பா பையை வெளியே கொண்டுபோவதைப் பம்பரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளைலேருந்து யாரு எண்ணுவா?"

"யாரும் எண்ண வேணாம்டா. இனிமே அந்த வேலையே கிடையாது."

கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று அம்மா நினைத்தாள். பிள்ளை ஆடாமல் அசையாமல் நின்றது.

"நான் தப்பா எண்ணிட்டேனா?"

"இல்லடா கண்ணு."

"இதுல நான் ஒரு தடவகூட தப்புப் பண்ணதில்லியேம்மா. இதுல மட்டும்."

"ஒரு தடவகூட இல்லடா," என்றாள் தையல்காரி. அழாமல் சொல்ல அவளால் முடியவில்லை.